மாதிரிப் புகைவண்டியும் ஒட்டெழுத்தும்

(ஒரு பழைய மாணவன்)

ஒரு பொருளைச் செய்து முடித்தல் வேறு. செய்த பொருள் நிலைபெறுமாறு செய்தல் வேறு. முன்னையது பெரும்பாலும் ஆர்வத்தால் நிறைவேறும். பின்னையதோ காரணத்தை அறிந்தாலன்றி நிறைவேறாது. இவ்வுண்மையை யான் நம் கல்லூரியின் பௌதிக சாலையிலேயே நன்கு கற்றிருத்தல் வேண்டும். ஆயினும் அஃது என் நெஞ்சிற் பதிந்தது, பல்லாண்டுகள் கழிந்தபின், அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சார்ந்த மில்வாக்கி நகரத்திலே, ஐந்தரை அங்குல நீளமுள்ள ஒரு மாதிரிச் சரக்கு வண்டியின் பக்கத்தில் யான் ஒட்டிய எண்ணொன்று உதிர்ந்தபோதுதான். அவ்வெண் உதிர்ந்த காரணத்தையும், மீண்டும் உதிராதவாறு அதனை ஒட்டிய வகையையும் நம் கல்லூரி நண்பர்கட்கு எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும். பொருள் சிறிதெனினும் அதனுள் அடங்கிய நியாயம் சிறிதன்று.

வண்டியும் எண்ணும்

மேல்நாடுகளில் மாதிரி ரயில் அமைத்தல் சிறுவர் விளையாட்டு மாத்திரமன்று. முதியோரும், வைத்தியரும், ஆசிரியரும், தொழிலாளரும் தத்தம் ஓய்வு நேரத்தை இதிற் செலவிடுகின்றனர். உண்மையான வண்டியின் அளவுகளை ஒரே விகிதத்திற் குறுக்கி, அதன் உறுப்புக்கள் யாவும் குன்றாமல் அமைப்பதே இதன் சிறப்பு. அமெரிக்காவில் மிகுதியாக வழங்கும் விகிதம் 87க்கு 1 என்பதாம், இதனை எச்.ஓ. அளவு என்பர். இவ்விகிதத்தில் 40 அடி நீளமுள்ள வண்டி ஏறக்குறைய ஐந்தரை அங்குலமாகும். உண்மை வண்டியில் 9 அங்குல உயரமுள்ள எழுத்து, மாதிரியில் 2.6 மில்லிமீட்டராகும். பாரம், கொள்ளளவு முதலியவற்றைக் குறிக்கும் 2 அங்குல எழுத்தோ 0.6 மில்லிமீட்டர் அளவினதாய், எள்ளினும் சிறுத்துவிடும். இத்தகைய எழுத்துக்களைக் கையால் தீட்டுதல் எத்துணைக் கைவன்மை உடையார்க்கும் அரிது. ஆகவே அச்சிட்ட எழுத்தை ஒட்டுதல் இன்றியமையாததாயிற்று.

என் வீட்டிற்கு அடுத்த வீட்டில் முதியவர் ஒருவர் வாழ்கின்றார். அவர் இளமையில், மில்வாக்கி ரோடு எனப் பொதுவாக வழங்கிய ரயில்வேயில் சரக்கு வண்டித் தொடர்களின் பிரேக்குக்காரராய்ப் பணிபுரிந்தவர். சிகாகோ, மில்வாக்கி, ஸெயின்ட் பால், பஸிபிக் என்னும் நெடும்பெயர் பூண்டிருந்த அந்த ரயில்வே 1985ஆம் ஆண்டில் ஸூ லைன் என்னும் கம்பெனியின் கைக்கு மாறிப் பின்னர்த் தன் தனிப்பெயரை இழந்தது. அந்த ரயில்வே தன் சொந்தத் தொழிற்சாலையில் 1930களின் பிற்பகுதி முதற்கொண்டு கட்டிய மூடு சரக்கு வண்டிகள் பிறர் வண்டிகளினின்றும் எளிதில் வேறு பிரித்தறியத் தக்கவை. விலா எலும்புகளைப் போன்ற புடைப்புக்கள் அவற்றின் பக்கங்களிற் கிடையாக ஓடும். பெரியவர் தாம் கண்ணாற் கண்டு கையாற் பிடித்து ஏறியிறங்கிய அவ்வகை வண்டியொன்றன் மாதிரியைத் தம் மேசைமேல் வைத்துக்கொள்ள விரும்பினார். யான் அப்போது இக்கலையிற் புதியவன். ஆயினும் செய்து தருவதாக வாக்களித்தேன்.

அவர் வேண்டியது ஒன்றே: வண்டியின் எண் பிழையின்றி இருத்தல் வேண்டும் என்பது. வட அமெரிக்காவில் ஒவ்வொரு சரக்கு வண்டியும் உடையவரைக் குறிக்கும் எழுத்துக்களாலும் ஓர் எண்ணாலுமே அறியப்படும். ஒரு ரயில்வேயின் வண்டி மற்றொரு ரயில்வேயின் பாதையில் நூற்றுக்கணக்கான மைல் செல்லும். அஃது எங்குள்ளது, யாருக்குரியது, எதனைச் சுமந்தது என்பனவெல்லாம் அவ்வெண்ணைக் கொண்டே எழுதப்படும். எண்ணில்லாத வண்டி ஊர் பேர் அற்ற வழிப்போக்கனுக்கு ஒப்பாகும். பெரியவர் ஒரு பழைய குறிப்பேட்டிலிருந்து ஐந்திலக்க எண்ணொன்றை எனக்கு எழுதிக் கொடுத்தார்.

யான் வண்டியைக் கட்டினேன். செம்பழுப்பு வர்ணம் பூசினேன். எழுத்தையும் எண்ணையும் ஒட்டி அவர் கையிற் கொடுத்தேன். அவர் முகம் மலர்ந்தது. ஆறு மாதங்களுக்குள் எழுத்துக்களைச் சூழ்ந்து வெண்மையான தேமல் போன்றதொரு தோற்றம் புலப்பட்டது. பின்னர் ஓரங்கள் எழும்பின. பனிக்காலத்தில் ஒருநாள் பெரியவர் என் வீட்டுக் கதவைத் தட்டி, மடித்த காகிதமொன்றைக் கொடுத்தார். அதனுள் அந்த எண்ணின் கடைசி இலக்கம் இருந்தது. வண்டியை எடுத்தபோது தம் பெருவிரலில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டதென்றும், தம் கை முரடென்றும் கூறி அவரே வருந்தினார். குற்றம் என்னுடையதாக, வருத்தம் அவருடையதாயிற்று. அன்றிரவே இதன் காரணத்தை ஆராயத் தொடங்கினேன்.

டெக்கால் இன்னதென்பது

இவ்வொட்டெழுத்திற்கு ஆங்கிலத்தில் டெக்கால் என்பது பெயர். டெக்கால்கொமனி என்னும் பிரெஞ்சுச் சொல்லின் குறுக்கம் இது. காகிதத்தில் அச்சிட்டதனை வேறொரு பொருளின்மேல் மாற்றும் உபாயம் மிகப் பழையது. இங்கிலாந்தில் லிவர்ப்பூல் நகரத்தைச் சார்ந்த ஜான் ஸாட்லர், கை கிரீன் என்னும் இருவர், 1756ஆம் ஆண்டில், ஆறு மணி நேரத்தில் 1200க்கு மேற்பட்ட மண் ஓடுகளின்மேல் இவ்வாறு சித்திரங்களைப் பதித்துக் காட்டினர். மட்பாண்டங்களுக்குப் பயன்பட்ட அவ்வித்தையின் வழித்தோன்றலே இக்காலத்து மாதிரி ரயில்களின்மேல் ஒட்டும் டெக்கால் எனலாம்.

நீரில் நனைத்து ஒட்டும் டெக்கால் நான்கு அடுக்குக்களை உடையது. அடியில் உள்ளது நீரை உறிஞ்சும் காகிதம். அதன்மேல் டெக்ஸ்ட்ரின் போன்ற, நீரிற் கரையும் பசை. பசையின்மேல் கண்ணுக்கு எளிதிற் புலப்படாத தெளிந்த மெல்லிய படலம். படலத்தின்மேல் மையால் அச்சிட்ட எழுத்து. காகிதத்தை நீரில் நனைத்தால் நீர் கீழிருந்து ஊறிப் பசையை இளக்கும். அப்போது படலம் எழுத்துக்களைத் தாங்கியவாறே காகிதத்தை விட்டு வழுக்கி நகரும். அதனை வண்டியின்மேல் நகர்த்திவிட்டு நீரை ஒற்றி எடுத்தல் வேண்டும். இவ்வளவே யான் முதல்முறை அறிந்திருந்தது. பசை உள்ளது, ஆகவே ஒட்டும் என்று எண்ணினேன். பிழை அங்கேதான் இருந்தது.

உதிர்தற்குக் காரணம்

பசையின் ஆற்றல் சிறிது. படலம் வண்டியின் பக்கத்தை இடைவெளியின்றித் தழுவிக் கிடக்குமாயின் அச்சிறு பசையே போதும். இடையில் காற்றோ, எண்ணெயோ, தூசியோ நிற்குமாயின் எத்துணைப் பசையும் போதாது. டெக்கால் நிலைத்தற்குக் காரணம் பசையின் மிகுதியன்று; இடையில் யாதும் இல்லாமையே. இந்த ஒன்றை மனத்திற் கொண்டால், பின்னர்க் கூறப்படும் முறைகள் யாவும் தாமே விளங்கும்.

உண்மை வண்டிகளின் தோற்றத்தை ஒப்ப வேண்டி, மாதிரிகளுக்குப் பெரும்பாலும் மங்கலான வர்ணமே பூசப்படுகின்றது. மங்கலான வர்ணம் ஏன் மங்கலாய்த் தோன்றுகின்றது? அதன் மேற்பரப்பு நுண்ணிய மேடு பள்ளங்களால் நிறைந்திருத்தலின், அதன்மேற் படும் ஒளி பல திசைகளிலும் சிதறுகின்றது. பரப்பு வழுவழுப்பாயின் ஒளி ஒரே திசையில் மீளும். அதனையே பளபளப்பு என்கின்றோம். ஆகவே மங்கலான பரப்பின்மேல் டெக்காலை ஒட்டுதல், உழுத நிலத்தின்மேற் பாய் விரித்தாற் போல்வதாம். பாய் மேடுகளை மாத்திரம் தொடும். பள்ளங்களிற் காற்று தங்கும்.

தங்கிய காற்று இரண்டு கேடுகளைச் செய்யும். முதலாவது, பசை மேடுகளை மாத்திரம் பற்றுதலால் பிடிப்பு குறையும். நாளடைவில் படலம் உலர்ந்து சுருங்கும்போது ஓரங்கள் எழும்பும். எழும்பிய ஓரத்தில் விரல் பட்டால் உரியும். இரண்டாவது, எழுத்தைச் சூழ்ந்த படலம் வெள்ளிப் பூச்சைப் போல வெளிறித் தோன்றும். இதன் காரணம் ஒளிநூல் பயிலும் மாணவர்க்கு எளிதில் விளங்கும். படலத்தின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.5, காற்றினது ஏறக்குறைய 1. இவ்விரண்டும் கூடும் எல்லையில் நேராகப் படும் ஒளியில் நூற்றுக்கு 4 பங்கு மீண்டுவிடும். படலத்தின் அடிப்புறத்தில் காற்று உள்ள இடந்தோறும் இவ்வாறு ஒளி மீளுதலின் அவ்விடம் வெளிறும். காற்று நீங்கிப் படலம் வர்ணத்தைத் தொட்டுவிட்டால், இரண்டின் எண்களும் ஏறக்குறைய ஒத்திருத்தலின் ஒளி தடையின்றிச் செல்லும். படலமும் கண்ணுக்கு மறையும். தேய்த்து மங்கலாக்கிய கண்ணாடியை நீரில் நனைத்தவுடன் அது தெளிவதும் இந்நியாயம் பற்றியே.

இதிலிருந்து ஓர் அரிய பயன் கிடைக்கின்றது. வெண்மை தோன்றாத டெக்கால் பரப்பை நன்கு தழுவியது. வெண்மை தோன்றிய டெக்கால் நாளை உதிரக்கூடியது. அழகின் குறைவே உறுதியின் குறைவுக்கும் அடையாளமாயிற்று. பெரியவரின் வண்டியில் யான் கண்ட தேமல், உதிர்தற்கு முன்னரே வந்த எச்சரிக்கை என்பதைப் பின்னரே உணர்ந்தேன்.

ஒட்டும் முறை

பெரியவரிடமிருந்து வண்டியை மீண்டும் வாங்கி வந்தேன். பழைய எழுத்துக்களின்மேல், டெக்காலை இளக்கும் திரவத்தில் நனைத்த மெல்லிய காகிதத்தைச் சிறிது நேரம் வைத்திருந்து, பின்னர் ஒட்டு நாடாவை மெல்ல அழுத்தி எடுத்தேன். ஏற்கெனவே பிடிப்பற்றிருந்தமையால் அவை எளிதில் வந்துவிட்டன. அதன்பின் செய்தவற்றை வரிசையாகக் கூறுகின்றேன்.

முதலாவது, தூய்மை. கையில் எண்ணெய் இல்லையென்று நாம் எண்ணினாலும் விரல் ரேகை தோறும் எண்ணெய் உண்டு. பாத்திரம் துலக்கும் சோப்புத் திரவம் சில துளிகளை வெதுவெதுப்பான நீரிற் கலந்து, மென்மையான தூரிகையால் வண்டியைக் கழுவி, நல்ல நீரில் அலசி உலர்த்துதல் வேண்டும். அதன்பின் பக்கங்களை விரலால் தொடலாகாது. கூரையையும் அடிப்பாகத்தையும் பற்றியே எடுத்தல் வேண்டும். புதிதாக வர்ணம் பூசிய வண்டியாயின் வர்ணம் முற்றிலும் உலரும் வரை சில நாட்கள் காத்திருத்தல் நலம். வண்டியை மூக்கின் அருகில் வைத்தால் வர்ணத்தின் மணம் வீசுமாயின் அஃது இன்னும் உலரவில்லை என்று அறிக.

இரண்டாவது, வழுவழுப்பு. டெக்கால் ஒட்டுமுன் பளபளப்பான தெளிந்த வார்னிஷை மெல்லியதாய்ப் பூசுதல் வேண்டும். இது பள்ளங்களை நிரப்பிப் பரப்பைச் சமப்படுத்தும். ஒரே முறையில் தடிப்பாய்ப் பூசினால் புடைப்புக்களும் ஆணித்தலைகளும் மறைந்துவிடும். ஆதலின் இரண்டு மூன்று மெல்லிய பூச்சுக்களாய், ஒவ்வொன்றும் உலர்ந்தபின் மற்றொன்று பூசுதல் நன்று. வண்டி கண்ணாடிபோல் மின்னுகின்றதே என்று அஞ்சவேண்டா. இப்பளபளப்பு ஒட்டும்வரையில் மாத்திரமே. பின்னர் அதனை மறைத்துவிடலாம்.

மூன்றாவது, வெட்டுதல். எழுத்தைச் சூழ்ந்துள்ள வெற்றுப் படலம் பயனற்றது. படலம் 0.02 மில்லிமீட்டர் தடிப்புடையதென்று கொண்டாலும், அதனை 87ஆற் பெருக்கினால் உண்மை வண்டியில் ஒன்றேமுக்கால் மில்லிமீட்டர்த் தடிப்புள்ள தகட்டை அறைந்ததற்கு ஒப்பாகும். ஆதலின் புதிய பிளேடு கொண்டு எழுத்தை ஒட்டினாற்போல வெட்டுதல் வேண்டும். மழுங்கிய பிளேடு ஓரத்தைக் கிழித்து மேல்நோக்கி வளைத்துவிடும். அவ்வோரம் பின்னர்ப் படியாது.

நான்காவது, நனைத்தல். துண்டைச் சாமணத்தாற் பற்றி வெதுவெதுப்பான நீரில் பத்து முதல் இருபது விநாடி அமிழ்த்தி எடுத்து, ஒற்றுத்தாளின்மேல் ஒரு நிமிஷம் வைத்தல் வேண்டும். அதற்குள் நீர் ஊறிப் பசை இளகிவிடும். நீரிலேயே மிதக்க விட்டால் படலம் தானே கழன்று, பசையும் கரைந்தோடும். யான் முதல்முறை செய்த பிழைகளுள் இதுவும் ஒன்று. நீர் உப்புச் செறிந்ததாயின் உலர்ந்தபின் வெண்புள்ளி விழும். ஆதலின் வாலைநீரைப் பயன்படுத்துதல் நன்று.

ஐந்தாவது, அமர்த்துதல். இதற்கெனவே இருவகைத் திரவங்கள் விற்கப்படுகின்றன. கலிபோர்னியாவிலுள்ள மைக்ரோஸ்கேல் கம்பெனியார் விற்கும் மைக்ரோ ஸெட், மைக்ரோ ஸால் என்பவை இவ்வகையின. இவற்றை மாற்றிப் பயன்படுத்துதல் புதியோர் செய்யும் பெரும்பிழை. முன்னது காடியின் மணமுடையது. டெக்கால் வைக்கும் இடத்தில் அதனை முன்னதாகத் தடவினால் எஞ்சிய எண்ணெய்ப் பசையை நீக்கிப் படலத்தின் பிடிப்பைப் பெருக்கும். அவ்வீரத்தின்மேல் டெக்காலை நகர்த்தி, தூரிகை நுனியால் உரிய இடத்திற் சேர்த்து, வண்டியின் கோடுகளோடு ஒப்பிட்டு நேர்படுத்தி, மையொற்றும் காகிதத்தின் முனையால் நீரை ஒற்றுதல் வேண்டும். துடைத்தல் கூடாது, துடைத்தால் எழுத்து இடம் பெயரும்.

பின்னது, படலத்தையே இளக்கும் ஆற்றலுடையது. டெக்கால் தன் இடத்தில் அமர்ந்து ஓரளவு உலர்ந்தபின் இதனை மேலே மென்மையாகத் தடவுதல் வேண்டும். படலம் இளகித் துணிபோலாகிப் புடைப்பின்மேல் ஏறியும் பள்ளத்தில் இறங்கியும் பரப்பைத் தழுவிக்கொள்ளும். விலாப் புடைப்புக்கள் நிறைந்த மில்வாக்கி ரோடு வண்டிக்கு இஃது இன்றியமையாதது. ஏனெனில், அதில் எழுத்துக்கள் சமதளத்தில் அமைவனவல்ல. புடைப்புக்களின் குறுக்கே ஏறியிறங்குவன. இளகாத படலம் இரண்டு புடைப்புக்களுக்கு இடையே பாலம்போல் நிற்கும். பாலத்தின் அடியிற் காற்றிருக்கும். காற்றிருக்கும் இடத்தில் முன்சொன்ன கேடுகள் இரண்டும் உளவாம்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. இத்திரவம் பட்ட சிறிது நேரத்தில் டெக்கால் சுருங்கிக் கிழவன் முகம்போலத் திரைந்து தோன்றும். புதியோர் அஞ்சி, அதனை விரலால் நேராக்க முயல்வர், முயன்றால் கிழிந்துபோம். தொடாது விட்டுவிட்டால் உலருந்தோறும் திரைகள் தாமே நீங்கிப் பரப்போடு ஒன்றிவிடும். செய்யவேண்டியதைச் செய்தபின் சும்மா இருத்தலும் ஒரு தொழில் என்பதை இங்கே கற்கலாம். உலர்ந்தபின் கொப்புளம் எங்கேனும் எஞ்சியிருப்பின், ஊசி நுனியால் குத்திக் காற்றை வெளியேற்றி, மீண்டும் அத்திரவத்தைத் தடவுக. கதவின் விளிம்பு, தகடுகளின் மூட்டு ஆகிய இடங்களிற் பிளேடால் மெல்லக் கீறிவிட்டால் படலம் உள்ளே இறங்கும். யான் அவ்வைந்து இலக்கங்களுக்கும் மூன்று முறை இவ்வாறு செய்தேன்.

படலத்தின் தன்மை எல்லாக் கம்பெனிகளிலும் ஒன்றன்று. ஒருவர் செய்த டெக்காலுக்கு ஏற்ற திரவம் மற்றொருவர் டெக்காலைக் கரைத்துவிடவும் கூடும். வர்ணத்தைக் கெடுக்கவும் கூடும். ஆதலின் வேண்டாத துண்டொன்றை, கண்ணிற் படாத ஓரிடத்தில் ஒட்டி முதலிற் சோதித்தல் அறிவுடைமை.

காப்புப் பூச்சு

ஒட்டியது நன்கு அமர்ந்தபின்னும் வேலை முடியவில்லை. பசை நீரிற் கரைவது என்பதை மறத்தலாகாது. காற்றின் ஈரமும் கையின் வியர்வையும் என்றும் உள்ளவை. மாதிரி வண்டியைத் தண்டவாளத்தின்மேல் வைக்கும்போதும் எடுக்கும்போதும் மக்கள் பற்றுவது அதன் பக்கங்களையே; எழுத்துக்கள் இருப்பனவும் அங்கேயே. ஆகவே எழுத்துக்கும் விரலுக்கும் இடையே ஒரு காப்பு வேண்டும்.

டெக்கால் ஓரிரவு முழுதும் உலர்ந்தபின், ஈரத்துணியால் மெல்ல ஒற்றி, எஞ்சிய பசைக்கறையையும் திரவத்தின் கறையையும் நீக்குக. அக்கறை பின்னர் வார்னிஷின் அடியிற் பழுப்பாய்த் தோன்றும். நன்கு உலர்ந்தபின் பளபளப்பான வார்னிஷ் மற்றொரு மெல்லிய பூச்சுப் பூசினால், டெக்காலின் ஓரம் இரண்டு வார்னிஷ் அடுக்குக்களுக்கு இடையே அடங்கிவிடும். ஓரம் இல்லையேல் உரிதலும் இல்லை. இறுதியாக மங்கலான வார்னிஷ் பூசினால் மினுமினுப்பு மறைந்து, எழுத்து வண்டியின்மேல் வர்ணத்தாற் தீட்டியதே போலத் தோன்றும். வார்னிஷும் முதன்முறை மெல்லிய தூறலாகவே படுதல் வேண்டும். தடிப்பாய்ப் படின் அதிலுள்ள கரைப்பான் டெக்காலைத் தாக்கக்கூடும்.

வீட்டில் கம்ப்யூட்டர்க் கருவியால் டெக்கால் அச்சிடுவோர் இக்காலத்திற் பலர். அவர்க்கு இரண்டு சொற்கள். இங்க்ஜெட் கருவியின் மை பெரும்பாலும் நீரிற் கரைவது; ஆதலின் நனைக்குமுன்னரே தெளிந்த பூச்சொன்று இட்டு உலர்த்தாவிடின், எழுத்து தண்ணீரிலேயே போய்விடும். வீடுகளிலுள்ள சாதாரணக் கருவிகளில் வெள்ளை மை இல்லை. கருவண்டியின்மேல் வெள்ளெழுத்து வேண்டுவோர் தொழிலாளர் அச்சிட்டதை வாங்குதலே தக்கது. பல்லாண்டு பெட்டியிற் கிடந்த பழைய டெக்கால் நீரிற் பட்டவுடன் துண்டு துண்டாய் உடைதலும் உண்டு. அதற்கு, முன்னரே மேற்பரப்பில் புதிய தெளிபடலம் ஒன்றைத் தூரிகையாற் பூசி உலர்த்தினால் உடையாது. அவ்வாறு செய்தபின் ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியே வெட்டுதல் வேண்டும். ஏனெனில் புதிய படலம் எல்லாவற்றையும் ஒன்றாய் இணைத்துவிடும்.

முடிவுரை

நிற்க. யான் அவ்வண்டியை மீண்டும் எழுதி முடிக்க மூன்று வாரங்கள் ஆயின. அவற்றுள் எழுத்துக்களைக் கையாற் தொட்டு ஒட்டிய நேரம் ஒரு மாலைப்பொழுதே. ஏனைய நாட்கள் கழுவுதலிலும், உலர்த்துதலிலும், காத்திருத்தலிலும் கழிந்தன. முதல்முறை யான் அவ்வொரு மாலைப்பொழுதை மாத்திரமே செய்து, மற்றவற்றை வீண் என்று ஒதுக்கியிருந்தேன்.

வண்டியைக் கொண்டுபோய்ப் பெரியவரிடம் கொடுத்தபோது அவர் அதனைக் கையில் வாங்கவில்லை. மேசைமேல் வைக்கச் சொன்னார். மீண்டும் உதிர்ந்துவிடுமோ என்று அவர் அஞ்சியதை உணர்ந்து, என் பெருவிரலை எண்ணின்மேல் வைத்துத் தேய்த்துக் காட்டினேன். பின்னரே அவர் வண்டியை எடுத்துத் தம் மூக்குக் கண்ணாடியை உயர்த்தி, ஒவ்வோர் இலக்கமாக வாய்விட்டுப் படித்தார். இரவு நேரங்களில் விளக்கைக் கையிற் பிடித்துக்கொண்டு வண்டித்தொடரின் நெடுக நடந்து எண்களைப் படித்த நாட்களில் தாம் இவ்வாறே படித்ததாகச் சொன்னார். இஃது ஏழு ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது. அவரைக் காண வருவோர் எல்லாரும் அவ்வண்டியைக் கையில் எடுத்துப் பார்க்கின்றனர்; அவருடைய பேரக் குழந்தைகள் அதனைத் தரையில் ஓட்டியும் இருக்கின்றனர். கூரையின் மூலையொன்றில் வர்ணம் தேய்ந்து அடிநிறம் தோன்றுகின்றது. எண் மாத்திரம் இட்டவாறே உள்ளது.

உதிர்ந்த அவ்விலக்கத்தை யான் எறிந்துவிடவில்லை. மடித்த காகிதத்தோடு அதனை என் கருவிப் பெட்டியின் மூடியினுள்ளே செருகி வைத்திருக்கின்றேன். புதிய வண்டியொன்றிற்கு எழுத்து ஒட்டும் அவசரம் மேலிடும்போதெல்லாம் அது கண்ணிற் படும். பசையை மிகுதியாக்க முயலாமல் இடையில் நிற்பதனை நீக்குக என்று அது சொல்வதாக எனக்குத் தோன்றும். மாணவ நண்பர்களே, நூலறிவு நம் உள்ளத்தில் ஒட்டாமல் உதிர்வதற்கும் பெரும்பாலும் இதுவே காரணமாகலாம். நூலிற் குறைவொன்றும் இல்லை. அதனை ஏற்கும் இடத்தைத் தூய்மை செய்து சமப்படுத்துதற்கு நாம் செலவிடும் நாட்களே குறைவு.